ஊர்க் குழந்தைகளும் ஊராட்சியின் கணக்கும்

நெசவாளர் சங்கத்தின் காரியதரிசியை அணுகி, கிடங்கில் இன்றைய தினம் எத்தனை கட்டு நூல் இருக்கின்றது, எத்தனை தறிகளில் பாவு ஏறியிருக்கின்றது என்று வினவினால், அவர் இருப்பு ஏட்டைப் புரட்டி உடனே விடை கூறிவிடுவார். விவசாயிகள் சங்கத்திலும் அவ்வாறே. எத்தனை மூட்டை உரம் வந்தது, எவர் பேரில் எவ்வளவு பாக்கி நிற்கின்றது என்பனவெல்லாம் ஏட்டில் ஏறியிருக்கும். அதே ஊரில் ஆறு வயது நிரம்பாத குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் பகல் முழுதும் தாயின் வேலையிடத்திலேயே கிடப்பவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு தொகை சொல்வார்கள். அங்கன்வாடியில் வேறொரு தொகை. கிராம சுகாதார செவிலியரின் ஏட்டில் மூன்றாவதாக ஒன்று. இரண்டாவது கேள்விக்கோ பெரும்பாலான ஊர்களில் எவரிடத்தும் விடை இராது.

இவ்விஷயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விழைகின்றோம். குழந்தைகள் நலம் மாதர் சங்கத்தாரின் காரியம், கூட்டுறவுச் சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று எண்ணும் அன்பர்கள் சிலர் இருக்கலாம். அவர்கள் ஒரு கணக்கை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2019–20 ஆம் ஆண்டில் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவிலும் அதன் சார்புத் தொழில்களிலும் ஈடுபட்டோர் 35 இலட்சத்து 22 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். தார் சுற்றுவதும், பாவு பிணைப்பதும், ஆடவர் சந்தைக்குச் சென்ற வேளையில் தறியில் அமர்வதும் அவர்களே. கழனியில் நடவும் களையெடுப்பும் பெண்களின் கைகளால் நடைபெறுவதை நம் உழவர் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலின், குழந்தையை எங்கே விடுவது என்னும் கேள்வி நம் சங்கங்களின் உற்பத்தியோடு ஒட்டிப் பிறந்த கேள்வியாகும்.

ஒரு நெசவாளர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். கூடமே தொழிற்சாலை. ஒரு புறம் குழித்தறி. அதன் குழி தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வாய் திறந்து கிடக்கின்றது. விட்டத்தில் தூளி. மூலையில் அடுப்பு. சில வீடுகளில் கஞ்சிச் சாலும் சாயப் பானையும் உண்டு. தாய் ஒரு காலால் மிதியை மிதித்துக்கொண்டே தூளிக் கயிற்றை இழுத்துவிடுவாள். தூளியில் உறங்கும் வயதில் இது செல்லும். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டால் ஒன்று தறி நிற்க வேண்டும், அல்லது மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்க வேண்டும். எது நின்றாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை சங்கத்தின் பற்றுவரவு ஏட்டில் எங்கும் எழுதப்படுவதில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு இவ்விஷயத்தில் சட்டம் ஓரளவு துணை நின்றது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. முதலில் 50 ஆக இருந்த அவ்வெண்ணிக்கை 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 30 ஆயிற்று. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு அதுபோன்ற கடமையை விதித்தது. 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமித்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இவை எத்தனை இடங்களில் ஏட்டளவில் நின்றன என்பது வேறு கதை. நாம் சுட்ட விரும்புவது இதுவே: இச்சட்டங்களில் எல்லாம் ஒரு முதலாளி அல்லது ஒரு பணியிடம் உண்டு. தன் வீட்டுக் கூடத்தில் தன் தறியில் நெய்பவளுக்கும், தன் அரை ஏக்கரில் தானே களை பறிப்பவளுக்கும் முதலாளி யார்? அவள் பிள்ளைக்காகக் கேட்க வேண்டுமானால் ஸ்தல ஸ்தாபனத்தைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கின்றது. அரசியல் சட்டத்தின் 73 ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனோடு சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்கன என்று 29 துறைகள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் 25 ஆவது, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. குளம், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றுக்காக ஊராட்சி மன்றத்தின் கதவைத் தட்டும் நாம், இந்த 25 ஆவது இனத்துக்காகத் தட்டுவது குறைவு.

தொகையை வைத்து அளந்த அளவு

இத்துறையில் சர்க்கார் எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. துர்க்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் 1953 ஆம் ஆண்டில் அமைந்தது முதற்கொண்டு கிராமங்களில் பாலவாடிகள் தோன்றலாயின. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்குச் செல்லாத சிறு பிள்ளைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்களின் எண்ணிக்கை 54,439 என்று அண்மை ஆண்டுகளின் அரசு ஏடுகள் கூறிவந்துள்ளன. வேறு பல மாநிலத்தார் கண்டு வியக்கும் தொகைதான் இது.

ஆனால் ஓர் ஊருக்கு மையம் வேண்டுமா, வேண்டாமா என்பது எவ்வாறு முடிவு செய்யப்பட்டது? மக்கள்தொகையை வைத்தே முடிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் ஆயிரம் பேருக்கு ஒரு மையம். பழங்குடிப் பகுதியில் எழுநூறு பேருக்கு ஒன்று. பின்னர் அளவு திருத்தப்பட்டு, 400 முதல் 800 பேர் வரை ஒரு மையம், 1,600 வரை இரண்டு, அதற்கு மேல் ஒவ்வோர் 800 பேருக்கும் இன்னொன்று என்றாயிற்று. 150 முதல் 400 பேர் வரை உள்ள குடியிருப்புக்குக் குறு மையம். மலைப்பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் தளர்த்திய அளவு.

அளவு என்று ஒன்று இருப்பது நல்லதே. அது இல்லாவிடில் செல்வாக்குள்ள ஊருக்கு மூன்றும் செல்வாக்கில்லாத ஊருக்குச் சுழியமும் கிடைக்கும். எனினும் இவ்வளவைக் கையிலெடுத்து ஒரு சிற்றூரில் வைத்துப் பார்ப்போம். 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 இலட்சம். அதில் ஆறு வயது வரை உள்ளோர் சுமார் 74 இலட்சம். நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். ஆகவே 400 பேர் வாழும் சிற்றூரில் 41 குழந்தைகள் இருப்பர் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கின்றது. குடிக்கணக்கில் ‘0–6’ என்று எழுதும்போது, ஆறு முடிந்து ஏழு நிரம்பாத பிள்ளையையும் சேர்த்தே எழுதுகின்றார்கள். அதாவது ஏழு ஆண்டுப் பிறப்புகள். அங்கன்வாடிக்கு உரியவர்களோ ஆறு நிரம்பாதவர்கள். ஆறு ஆண்டுப் பிறப்புகள். ஏழில் ஒரு பங்கைக் கழித்தால் 41 என்பது 35 ஆகிவிடும். தவிரவும், தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றில் பிறப்போர் 2011 இல் 15.9 ஆக இருந்து, 2020 இல் 13.8 ஆகக் குறைந்துள்ளனர். இந்த விகிதத்தில் நம் சிற்றூரில் ஆறு வயது நிரம்பாதோர் சுமார் 33 பேரே.

இத்தனை நுட்பம் எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். 41 என்று எழுதுவதற்கும் 33 என்று எழுதுவதற்கும் இடையில் ஒரு மையமே மறைந்துபோகலாம் என்பதே காரணம். மக்களுக்கு உணவு உரிமை வேண்டி 2001 ஆம் ஆண்டில் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறைந்தது 40 பேர் இருந்து, மையம் இல்லாத எந்தக் குடியிருப்பாயினும், அங்குள்ள மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் அமைத்துத் தர வேண்டும் என்பது அவ்வாணை. அதன் பின்னர் நாடெங்கும் 14 இலட்சம் மையங்களுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டபோது, அதில் 20,000 இவ்விதம் மக்கள் கேட்பின்பேரில் தருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. வழக்கு 2017 இல் முடித்துவைக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு உள்ளூர் அங்கன்வாடி வாயிலாக விலையின்றி உணவு தர வேண்டும் என்று விதித்துள்ளது.

அந்த ஆணையில் நம் உள்ளத்தைக் கவர்ந்தது 40 என்னும் எண் அன்று. கேட்டால் என்னும் சொல். அதுகாறும் தேவை மேலிருந்து கீழே அளக்கப்பட்டது. முதன்முறையாகக் குடியிருப்பார் தம் பிள்ளைகளைத் தாமே எண்ணி, எண்ணியதைக் காட்டிக் கேட்கலாம் என்று வழி பிறந்தது. ஆனால் எண்ணத் தெரிந்த ஊரார்தாமே கேட்க முடியும்? நம் சிற்றூரில் 400 பேர் இருப்பதால் மக்கள்தொகை அளவின்படி மையத்துக்கு உரிமை உண்டு. 33 குழந்தைகளே இருப்பதால் 40 என்னும் அளவின்படி இல்லை. எந்த அளவைக் காட்டிக் கேட்பது என்று அறிந்திருப்பதும் ஒரு கல்வியன்றோ?

இன்னொரு இடரும் உண்டு. 2011 க்குப் பின் 2021 இல் நடந்திருக்க வேண்டிய குடிக்கணக்கு நடைபெறவில்லை. 2027 மார்ச்சு 1 ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது எடுக்கப்படும் என்று 2025 இல் அறிவிக்கப்பட்டது. 2011 இல் பிறந்த குழந்தை 2025 இல் பதினான்கு வயதுப் பிள்ளை. அந்தப் பழைய தொகையைக் கொண்டு கைக்குழந்தைகளின் தேவையை அளப்பது, சென்ற தலைமுறையின் அளவுக்கு இன்றைய பிள்ளைக்குச் சட்டை தைப்பது போன்றதாகும்.

வருகை வேறு, தேவை வேறு

அங்கன்வாடிப் பணியாளர் வீடு வீடாகச் சென்று குடும்பப் பதிவேடு எழுதுகின்றாரே, அது போதாதா என்று கேட்கலாம். அப்பதிவேடு அருமையான ஆவணம்; அதை எழுதும் சகோதரிகளின் உழைப்பை நாம் குறைவாக மதிக்கவில்லை. 2021 மார்ச்சு முதல் போஷன் டிராக்கர் என்னும் கைபேசிச் செயலியிலும் அவர்கள் பதிய வேண்டியிருக்கின்றது. ஆயினும் மேலே உள்ளோரின் கண்ணில் படுவது பெரும்பாலும் மையத்துக்கு வந்த குழந்தைகளின் தொகையே. வராத குழந்தையைப் பற்றி அது பேசுவதில்லை.

இதில் ஒரு சுழல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நடவுக்குச் செல்லும் தாய் விடியலிலேயே புறப்படுகின்றாள். மையம் அதற்குப் பின்னரே திறக்கின்றது. அவள் திரும்புமுன் பூட்டப்படுகின்றது. ஆகவே அவள் பிள்ளையை வரப்புக்கே தூக்கிச் செல்கின்றாள். வருகைப் பதிவில் பிள்ளை இல்லை. பதிவைப் பார்ப்பவர், இவ்வூரில் பத்துப் பிள்ளைகளே வருகின்றார்கள், எனவே தேவை குறைவு என்று குறித்துக்கொள்கின்றார். நேரம் பொருந்தாமையால் வராதவர்கள், தேவையில்லாதவர்களாக எழுதப்பட்டுவிடுகின்றார்கள். கடன் கிடைக்காமையால் நூல் வாங்காத நெசவாளியைப் பார்த்து, இவருக்கு நூல் வேண்டாமாம் என்று எழுதினால் நாம் ஒப்புவோமா?

மூன்று வயது நிரம்பாத குழந்தைகளின் நிலை இன்னும் இடர் மிக்கது. நாட்டின் பல பகுதிகளில் அவர்களுக்கு அங்கன்வாடி என்பது வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துமாவுதான். தமிழ்நாட்டில் இரண்டு வயது நிறைந்தோர் மையத்தில் உண்கின்றனர். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குப் பகலில் இருக்க இடமில்லை. மாவு குழந்தையின் பசிக்கு உதவும். தறிக்குழியில் விழாமல் அதைக் காக்க ஆள் வேண்டும். இராஜீவ்காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் 2006 இல் வந்ததும், 2022 இல் அது பால்னா என்னும் பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களாக உருமாறியதும் இக்குறையைக் கருதியே. காப்பகத் திட்டத்தில் மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் என்று அளவு வைத்தார்கள். உழைக்கும் தாயின் நாளைக் கண்டு வைத்த அளவு அது. ஆனால் இக்காப்பகம் எந்த ஊருக்கு வேண்டும் என்று எடுத்துக்காட்டுவது யார்? பட்டியல் இல்லாத ஊருக்குக் காப்பகம் எட்டுவது கடினம்.

தேவையை அளப்பதில் தமிழ்நாடு ஒரு காலத்தில் உலகுக்கே வழிகாட்டியாக இருந்தது என்பதையும் இங்கு கூற வேண்டும். உலக வங்கியின் உதவியுடன் 1980 இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதந்தோறும் நிறுத்து எடை எழுதினார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கே கூடுதல் உணவு. எடை தேறியதும் அது நிறுத்தப்படும். எல்லார்க்கும் ஒரே அளவு என்பதை விடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் தேவையையும் தனித்தனியே கண்டறிந்த முறை அது. தராசும் ஏடும் ஓர் உள்ளூர்ப் பெண்ணும் இருந்தால் இது இயலும் என்று காட்டியதை அதன் பெருமையாக நாம் கருதுகின்றோம். அத்திட்டத்தில் தேர்ந்தெடுத்து உணவளித்ததைக் குறை கூறியவர்களும் உண்டு; பசித்த பிள்ளை எடை குறையும் வரை காத்திருக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே.

பிறர் செய்தவை

அண்டையிலுள்ள கேரளத்தில் 1996 ஆகஸ்டு 17 அன்று மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிற்று. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்குத் தரப்பட்டது. அதனை எவ்வாறு செலவிடுவது என்று கிராமசபையில் மக்கள் கூடி ஆராய்ந்தார்கள். அங்கன்வாடிகள் ஊராட்சியின் பொறுப்பில் வந்தமையால், கட்டிடம் இல்லை, கிணறு இல்லை என்னும் குறைகள் அங்கேயே பேசப்பட்டன. பணமும் பொறுப்பும் ஒரே இடத்தில் இருந்தால் கணக்கெடுப்பவருக்கு ஊக்கம் பிறக்கின்றது என்பது அதிற் காணும் உண்மை.

இங்கிலாந்தில் நடந்ததும் அறியத்தக்கது. அங்கே 2006 ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம், வேலைக்குச் செல்லும் பெற்றோருக்குப் போதிய அளவில் குழந்தைப் பராமரிப்பு கிடைக்கும்படி செய்வது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை என்று விதித்தது. மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் போதுமானதா என்று ஆய்ந்து எழுதவும் வேண்டும் என்றது. ஊரில் இத்தனை இடங்கள், இத்தனை பிள்ளைகள் என்று வகுத்து நிறுத்திவிடாமல், எந்த நேரத்தில், எவ்வளவு கட்டணத்தில், எவ்வளவு தொலைவில் என்றும் பார்த்தார்கள். உடற்குறை உள்ள குழந்தைக்கு இடம் உண்டா, இரவு முறையில் வேலை செய்பவருக்கு உண்டா என்றும் கேட்டார்கள். 2014 ஆம் ஆண்டின் சட்டமொன்று, இந்த மூன்றாண்டு ஆய்வைச் சட்டக் கடமை என்னும் நிலையிலிருந்து நீக்கியது. அறிக்கை எழுதுவதே பெருஞ்சுமை என்பது நீக்கியவர்களின் வாதம். போதிய அளவு கிடைக்கச் செய்யும் கடமை மட்டும் நின்றது. மன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தர வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறின. வேல்ஸ் நாட்டாரோ ஆய்வை விடவில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டார்கள். விளையாட இடமும் வாய்ப்பும் போதுமா என்பதையும் ஸ்தல ஸ்தாபனம் ஆராய வேண்டும் என்று 2010 ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தவர்கள் அவர்கள். வேல்ஸ் மொழியில் குழந்தையோடு பேசிப் பராமரிக்கும் இடம் போதுமா என்றும் அவர்கள் கணக்கிடுகின்றார்கள். சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் நெசவாளர் குடும்பங்கள் வாழும் நம் ஊர்களில், மூன்று வயதுப் பிள்ளை மையத்துக்குள் நுழைந்ததும் எந்த மொழியைக் கேட்கின்றது என்று எவரேனும் வினவியது உண்டா?

அறிக்கை பெருஞ்சுமை என்ற வாதத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை. அலமாரியில் உறங்கும் அறிக்கையால் எந்தப் பிள்ளைக்கும் பால் கிடைக்காது. ஆனால் எண்ணுவதையே கைவிட்டால், இல்லை என்று சொல்வதற்குக்கூட ஆதாரம் இராது.

நம் துறையில் அகமதாபாத்தின் சேவா அமைப்பார் காட்டிய வழி பெரிது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களும் கூலிப் பெண்களும் சேர்ந்த அவ்வமைப்பில், குழந்தைகளைக் காப்போரே ‘சங்கினி’ என்னும் கூட்டுறவுச் சங்கமாக அமைந்து காப்பகங்களை நடத்துகின்றார்கள். தாய்மாரின் வேலை நேரம் எதுவோ அதுவே காப்பகத்தின் நேரம். தாயும் தன்னாலான கட்டணம் செலுத்துகின்றாள். கூட்டுறவு முறை நூலுக்கும் உரத்துக்கும் மட்டுந்தான் பொருந்தும் என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பார்களாக.

எண்ணுவது எப்படி

இது பெரிய வித்தையன்று. தெருக்களை அறிந்த நால்வர், மூன்று மாலை நேரங்கள், இவை போதும். நால்வரில் இருவரேனும் பெண்களாக இருத்தல் நலம்; ஒருவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ சுகாதார செவிலியராகவோ இருந்தால் இன்னும் நலம். அவர்களுடைய ஏட்டைப் பரிசோதிக்க வந்தோம் என்று கருத இடம் தராமல் அவர்களையும் கூட்டாளிகளாக்கிக்கொள்ள வேண்டும். கோயில் முன்றிலிலோ சங்கக் கட்டிடத்தின் முன்னரோ தரையில் கோலப்பொடியால் ஊரின் தெருக்களை வரைந்துகொள்ளலாம். கூடியிருக்கும் பெண்களே வீடு வீடாகச் சொல்லச் சொல்ல, மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை, அதற்கு மேல் ஆறு நிரம்பாத பிள்ளைக்கு ஒரு வேப்பங்கொட்டை என்று அவ்வவ் வீட்டில் வைப்பது. தாய் தறிக்கோ வயலுக்கோ செல்பவளானால் பக்கத்தில் ஒரு கூழாங்கல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் பிழை கண்டு திருத்துவர். மாடி வீட்டின் பின்புறம் குடியிருப்பவர், காலனிக்கு அப்பால் புதிதாகக் குடிசை போட்டவர், செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வந்து தங்கியவர் ஆகியோரை நினைவூட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய பெண்களே.

பின்னர் அதனை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். குழந்தை பிறந்த மாதமும் ஆண்டும் இன்றியமையாதவை. ‘நாலு வயசு இருக்கும்’ என்பது போதாது. தாய் எத்தனை மணிக்கு வேலை தொடங்குகின்றாள், எப்போது முடிக்கின்றாள், அந்நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கின்றது, மையம் எவ்வளவு தொலைவு, நடுவில் பெருஞ்சாலையோ வாய்க்காலோ உண்டா என்று கேட்டு எழுத வேண்டும். மையத்தில் பெயர் இருந்தும் போகாத பிள்ளையாயின், ஏன் போகவில்லை என்பதே அப்பட்டியலில் விலைமதிப்பற்ற வரியாகும். உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தைகளைப் பற்றிய குறிப்பைத் தனித் தாளில் வைத்துக்கொள்வது முறை. அதனைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் படிப்பது தகாது.

பருவத்தையும் குறிக்க வேண்டும். சம்பா நடவின்போது இருக்கும் தேவை கோடையில் இராது. பண்டிகைக் காலத்துக்கு முன் சேலைக் கட்டளைகள் குவியும் மாதங்களில் நெசவாளர் வீட்டில் இரவும் பகலும் தறி ஓடும். ஆண்டு முழுதும் திறந்திருக்கும் காப்பகத்துக்கு வழியில்லாத ஊரிலும், அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கேனும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அப்போதுதான் கேட்க முடியும்.

சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலை வைத்துத் தொடங்குவது எளிது, அதனோடு நின்றுவிடலாகாது. 1995 இல் மான்செஸ்டரில் கூடிய அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டணியார், சமூகத்தின்பால் அக்கறை என்பதை ஏழாவது கொள்கையாகச் சேர்த்தார்கள். அங்கத்தினர் அல்லாத கூலிக்காரியின் பிள்ளையும் அந்தக் கோலப்பொடிக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டைதான்.

கிராமசபைக்கு எடுத்துச் செல்லல்

தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுவது நெடுநாள் வழக்கம். 2022 இல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் முறை 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அத்திட்டத்துக்கென வகுக்கப்பட்ட ஒன்பது கருப்பொருள்களில் மூன்றாவது, குழந்தைகள் நேய ஊராட்சி. ஆகவே நாம் கொண்டுசெல்லும் பட்டியல் வெறும் வேண்டுகோளன்று; திட்டத்தில் அதற்கென்றே ஓர் இடம் வகுக்கப்பட்டிருக்கின்றது.

கிராமசபையில் பேசுவோர் பெரும்பாலும் ஆடவர். அவர்கள் கேட்பவை சாலை, கால்வாய், விளக்கு. இவை வேண்டாதவை அல்ல. ஆனால் குழந்தைக் காப்பகம் என்னும் பேச்சை எடுக்க வேண்டிய பெண், அந்நேரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்கின்றாள், அல்லது வரவேயில்லை. எனவே கூட்டத்துக்கு முதல் வாரமே பட்டியலின் சுருக்கத்தை ஒரே தாளில் எழுதி ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்வது நல்லது. அத்தாளில் இத்தனை குழந்தைகள், இத்தனை பேர் மூன்று வயதுக்குட்பட்டோர், இத்தனை தாய்மார் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை வேலையில் இருப்போர் என்று இருந்தால் போதும். வேண்டுவது புதிய மையமா, இருக்கும் மையத்துக்குக் காப்பகப் பகுதியா, நேர மாற்றமா, குறுக்கே ஓடும் வாய்க்காலுக்கு ஒரு பாலமா என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சில ஊர்களில் நேர மாற்றம் ஒன்றே பாதிக் குறையைத் தீர்த்துவிடும். அதற்குக் கட்டிடமும் வேண்டாம், கல்நாட்டு விழாவும் வேண்டாம்.

இடமில்லை என்னும் விடை வரக்கூடும். அதற்குச் சங்கங்கள் ஆயத்தமாகச் செல்வது தகும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் துணி கொள்முதலுக்குத் திறக்கும் கூடமும், அறுவடைக்குப் பின் சில மாதங்களே நிறையும் கிடங்கும் நம்மிடம் உள்ளன. நிர்வாகக் குழு தீர்மானித்து அவற்றில் ஒன்றைத் தர முன்வந்தால், ஊராட்சியும் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகமும் மறுக்கக் காரணம் குறைவு. இலாபத்தில் பொதுநல நிதி ஒதுக்கும் சங்கங்கள் பாய், தடுப்பு வேலி, குடிநீர்ப் பானை போன்றவற்றுக்கு அதிலிருந்து கொடுப்பதைப் பொதுக்குழுவில் வைக்கலாம். உரம் வைத்த கிடங்காயின் நன்கு கழுவி, மருந்துப் புட்டிகள் யாவற்றையும் அகற்றி, தரையைப் பூசிய பின்னரே பிள்ளைகளை உள்ளே விட வேண்டும்.

தீர்மானம் நிறைவேறியதும் அதன் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்டு, நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்வது காரியதரிசியின் பொறுப்பு. இன்னொரு நகல் வட்டாரத்திலுள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்குச் செல்ல வேண்டும். ஆறு மாதம் சென்றபின் பட்டியலை மீண்டும் எடுத்துத் திருத்த வேண்டும். அதற்குள் சில பிள்ளைகள் பள்ளி சென்றிருப்பர், சிலர் புதிதாகப் பிறந்திருப்பர், வெளியூர் சென்ற குடும்பம் ஒன்று திரும்பியிருக்கும். திருத்தம் எழுதுவதற்கென ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் இரண்டு வரி இடம் விட்டு எழுதுவது வசதி.